ஐந்து கரைக்கு ஒரு ஸ்கிரிப்ட்

முத்தழகு என்டர் விசையைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பாம்பன் கரையில், விசைப்படகுச் சங்கத்தின் பதிவுக் கொட்டகைக்குள், பழைய யூனிக்ஸ் இயந்திரத்தின் திரை ஒரு கணம் யோசித்தது. அடைப்புக்குறிகள் தப்பான இடத்தில் இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோலக் காத்து நின்றது. அவள் மறுபடி தட்டினாள். அதே வரி. மண்டபத்திலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிய ஸ்கிரிப்ட் அது, இயந்திரத்துக்கு அவள் எழுதிய கட்டளைப் பட்டியல். இங்கே ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் ராமேஸ்வரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டைக்கூட அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். வயிறு அந்தக் கணக்கை ஞாபகப்படுத்தியது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, மே மாதம் இருபத்தெட்டு. மீன்பிடித் தடைக்காலம் நாளை முடிகிறது. நாற்பத்தைந்து நாள் சும்மா கிடந்த படகுகளுக்குக் கடைசிப் பூச்சுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வலைகளைச் சரிபார்க்கிறவர்களும், ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கிறவர்களும், ஒன்றும் செய்யாமல் அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்களுமாகக் கரை நிறைந்திருந்தது. முப்பதாம் தேதி விடிந்தால் எல்லாப் படகும் கிளம்பும். அதற்குள் ஐந்து கரையிலும், கடலுக்குப் போகிறவர்களைக் குறித்துவைக்கும் அவளுடைய கம்ப்யூட்டர்ப் பதிவேடு வேலை செய்ய வேண்டும். நான்கு கரை போதாது. சங்கத் தலைவர் அதைக் கறாராகச் சொல்லியிருந்தார். ஆட்கள் இன்று ஒரு கரை, நாளை ஒரு கரை என்று மாறி மாறி ஏறுகிறவர்கள்; ஒரு கரையில் பெயர்ப் பட்டியலும் இன்னொரு கரையில் தலைக்கணக்கும் இருந்தால் அது யாருக்கும் உதவாது. ஐந்தும் நடக்கவில்லையென்றால் பழைய நோட்டுக்கே போய்விடுவோம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் முத்தழகுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் வேலை பார்ப்பது இராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், சுஐபு நடத்தும் கம்ப்யூட்டர் கடையில். கடை என்றால் சுஐபு, முத்தழகு, ஒரு மின்விசிறி. சங்கத்துக்கு ஒரு பதிவேடு செய்து கொடுக்க ஒப்புக்கொண்டபோது இயந்திரங்களைப் பற்றி இருவருமே கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் ஐந்து கரையில் ஐந்து சாதி. யார் யாரோ கழித்துக்கட்டியதைச் சங்கம் இலவசமாக வாங்கி வைத்திருந்தது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் லினக்ஸ் என்கிற இலவச யூனிக்ஸ் வகை. தொண்டியில் இருந்தது ஏதோ ஒரு வங்கி வேண்டாம் என்று தள்ளியது. ஏர்வாடியில் இருந்ததன் பூர்வோத்தரம் யாருக்கும் தெரியாது. பாம்பனில் இருந்தது ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பதிமூன்று வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற வந்த யூனிக்ஸ் இயந்திரம். அதற்கு இங்கே மறுபடி வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பதிவேட்டை எழுதுவதைவிட அதை ஐந்திலும் குடிவைப்பதுதான் பெரும்பாடாகப் போனது. எந்தக் கோப்புறை எங்கே இருக்க வேண்டும், எந்தக் கோப்பு எதற்குள் போக வேண்டும், யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் தானே செய்துவிட வேண்டும். கரைக் குமாஸ்தா ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்று இருக்க வேண்டும். முதலில் அவள் எழுதியது பன்னிரண்டு வரி. அது கடையில் அவளுடைய மேசையில் மட்டும் அழகாக ஓடியது. கோப்புகளை நிறுவுவதற்கென்றே ஒரு கட்டளை எல்லா இயந்திரத்திலும் உண்டு. ஆனால் ஒன்றில் பொருளை முதலில் சொல்லி இடத்தைப் பின்னால் சொல்ல வேண்டும், இன்னொன்றில் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையை ஒரே மூச்சில் உண்டாக்கு என்றால் லினக்ஸ் தலையாட்டும், தொண்டி வங்கிக்காரன் விழிப்பான். ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஆகவே எங்கும் உள்ள நாலைந்து பழைய கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, படிப்படியாக, கோப்புறை இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் உண்டாக்கி, புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் வைத்து, அது முழுசாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழையதன் இடத்தில் அதை உட்கார வைத்தாள். நடுவில் கரண்ட் போனாலும் பழையது அழியாது. பாம்பனில் கரண்ட் போகும் என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லலாம். பன்னிரண்டு வரி எழுபத்து நான்கு ஆனது. அதற்கு ‘நிறுவு’ என்று பெயர் வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினது என்பார்களே, அப்படி.

இவ்வளவு பாடும் படகுக்காரர்களுக்காக என்று சுஐபு நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அய்யாவுக்காக என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவளுடைய அய்யா மலையாண்டிக்குத் திருவாடானைப் பக்கம் மருதனேந்தலில் ஆறு ஏக்கர் இருக்கிறது. கண்மாய் மூன்று வருஷமாகப் பெருகவில்லை; ஆறு ஏக்கரும் இருக்கிறது என்பதோடு சரி. ஊர்ச் சாமிக்கு முன்னால் முதல் விபூதி வாங்குகிற வீடு அது. அந்த வீட்டு மனிதர் போன வருஷம் ஆடியில் மண்டபத்துக்குப் போய் விசைப்படகில் கூலிக்கு ஏறினார். ஐம்பத்திரண்டு வயது, நீச்சல் தெரியாது, கடலைத் தை அமாவாசைக்கு முழுக்குப் போடுகிற இடமாக மட்டும் அறிந்தவர். ஊரில் உப்பளத்தில் மேஸ்திரி வேலை என்று சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. ஐப்பசியில் ஒரு முறை காற்று கிளம்பி, மறுநாள் திரும்ப வேண்டிய படகுகள் திரும்பவில்லை. இரண்டாம் நாள் அம்மா செவ்வந்தி தனியாகப் பஸ் ஏறி மண்டபம் கரைக்குப் போனாள். குமாஸ்தா நோட்டைப் புரட்டினார். அதில் படகு எண் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது, ‘ஆள் ஐந்து’ என்று இருந்தது. எந்தப் போட்டும்மா என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. கட்டின புருஷன் எந்தப் படகில் இருக்கிறார் என்று சொல்லத் தெரியாமல் அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றாள். மூன்றாம் நாள் அய்யா ஒரு பை மீனோடு வந்து, நீ எதுக்கு இங்கன வந்த என்று சத்தம் போட்டார். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த மௌனத்தை முத்தழகால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் சங்கம் கேட்டது படகுக் கணக்கு மட்டும் என்றாலும், அவள் ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று கேள்வி சேர்த்தாள். பெயர் என்ன, ஊர் என்ன, ஏதாவது ஒன்று என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னாள். முப்பதாம் தேதி தானே ராமேஸ்வரம் கரையில் உட்கார்ந்து பதியப்போவதாகவும் சொன்னாள். அய்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கா வந்துருச்சா?”

கேட்டவர் வீரபத்திரன், பாம்பன் கரைக் குமாஸ்தா. காதோரம் நரைத்தவர், சட்டைப் பையில் மூன்று பேனா. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார், தூசிக்காக என்று சொல்லிக்கொண்டு.

“ஒரு சின்னத் தப்பு இருக்கு அண்ணாச்சி. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாருங்க, பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நோட்டு இருக்கு.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் இருந்த நிம்மதி அவளைச் சுட்டது.

எழுபத்து நான்கு வரியிலும் அடைப்புக்குறிகளை எண்ணினாள். திறந்தது எத்தனையோ மூடியதும் அத்தனை. அடைப்புக்குறி வருகிற பகுதியையே வெட்டி எறிந்து வேறு மாதிரி எழுதினாள். இப்போது இயந்திரம் அடைப்புக்குறியை விட்டுவிட்டு, அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று வேறு இடத்தில் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்தது கட்டளையே அல்ல, ஒரு கோப்புறையின் பெயரைக் குறித்துக்கொள்ளும் எளிய வரி, குழந்தைக்கும் புரிவது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நாம் அப்படி ஆகிவிடக் கூடாது என்று இயந்திரத்தின் மேல் பழி போடாமல் சாயங்காலம் வரை தன்மேலேயே போட்டுப் பார்த்தாள். ஐந்தரை மணிக்கு எதிர்க்கடையில் இருந்து சுஐபுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நான் இன்னிக்கு ராமேஸ்வரம் போக முடியாது. இங்கன ஓட மாட்டேங்குது.”

“ஏன், என்ன சொல்லுது?”

“கேக்காதீங்க. ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொண்ணு சொல்லுது.”

“சரி, ராமேஸ்வரத்துக்கு நான் போறேன். அது லினக்ஸ்தானே, எனக்கே சமாளிக்கத் தெரியும். நீ பாம்பன முடி. முடியலன்னா நாளைக்குச் சாயங்காலம் தலைவர்கிட்ட சொல்லிரணும் தங்கச்சி. கடைசி நேரத்துல சொன்னா நல்லாருக்காது.”

நாளைக்குச் சாயங்காலம். சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். இராத்திரி சங்கத்து ஐஸ் பிளான்ட் மேலாளர் வீட்டில் தங்கிக்கொண்டாள். அந்த வீட்டம்மாள் நாகலெட்சுமி சூடாகச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். பரிமாறிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்: புருஷன் வேலை, பிள்ளை படிப்பு, பாம்பன் தண்ணீர். முத்தழகு உம் கொட்டிக்கொண்டே அடைப்புக்குறிகளை எண்ணினாள்.

மறுநாள் காலையில் அவள் வேறு வழியைப் பிடித்தாள். பெரிய ஸ்கிரிப்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தாள். கோப்புறை உண்டாக்கும் துண்டு: ஓடியது. நகல் எடுக்கும் துண்டு: ஓடியது. உரிமை கொடுப்பது, பெயர் மாற்றுவது, சரிபார்ப்பது: எல்லாம் வெண்ணெய்போல ஓடின. நேற்று குழந்தைக்கும் புரிவது என்று நினைத்த வரியை இயந்திரம் இன்று மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. ஆறு துண்டையும் சேர்த்து, சுத்தமாக அடுக்கி, ‘நிறுவு’ என்று மறுபடி பெயரிட்டு ஓட்டினாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது.

அவள் எழுந்து வெளியே போய் நின்றாள். ரயில் ஒன்று பாலத்தின் மேல் மெதுவாக, மிக மெதுவாக, போய்க்கொண்டிருந்தது. அழுகை வந்தது. அழுதாள். மீன் எண்ணெய் வாடையடிக்கும் தூணில் சாய்ந்துகொண்டு, யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அந்தக் கரையில் நின்றது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சரி. சேர்த்துக் கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்கிற ஒரு நோட்டின் முன்னால்.

உள்ளே வந்தபோது வீரபத்திரன் புதுப் பருவத்துக்கான நோட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். மத்தியானம் கடந்துவிட்டது. அவளால் முடியாது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நாளைக்கு நோட்டுதான். நாளை எத்தனை படகு கிளம்பும் என்று கிழித்த காலண்டர்த் தாளின் பின்புறம் கிறுக்கிக் கிறுக்கிக் கூட்டிப் பார்த்தார். கூட்டி முடித்ததும் காலண்டர்த் தாளை ஓரமாக வைத்து, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, புது நோட்டை விரித்து, முதல் பக்கத்தின் தலையில் நிதானமாக ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அப்புறம்தான் தேதி எழுதினார்.

முத்தழகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணாச்சி, அந்தக் காலண்டர்த் தாள்ல ஏன் சுழி போடல?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு வெயில் ஏறிவிட்டதோ என்பதுபோல. “அது கிறுக்குத் தாளும்மா. கிறுக்குறதுக்கெல்லாம் யாராச்சும் சுழி போடுவாங்களா? நெசமா எழுதுறதுக்குத்தான் போடணும்.”

அவளும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்புச் சிலேட்டில் இருந்து அப்படித்தான். பரீட்சைத் தாள், தபாலில் போட்ட கடிதம், மளிகைச் சிட்டை, எதுவானாலும் தலையில் உ. கம்ப்யூட்டரில் அந்த எழுத்து வராது என்பதால் உருவம் ஒத்துப்போகட்டும் என்று ‘2’ போடுவாள். ஸ்கிரிப்டில் இயந்திரம் அதைப் படித்துக் குழம்பக் கூடாதே என்று முன்னால் ஒரு ‘#’ குறி. அந்தக் குறி இருந்தால் அந்த வரி குறிப்பு மட்டும்தான், கட்டளை அல்ல என்று அர்த்தம். கடையில் அதைப் பார்த்த சுஐபு, உன் சாமி மட்டும் போதுமா என்று சிரித்துக்கொண்டே கீழே இன்னொரு குறிப்பு வரியில் 786 சேர்த்தார். அதனால் கட்டளைகளைப் படித்து நடத்தும் ஷெல்களில் எது இந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வரி மூன்றாவதாகப் போய்விட்டது. அந்த வரி முதல் வரியாக இருந்தால்தான் செல்லும். படிக்கிற காலத்தில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள், தலையில் ஒரு சுழியோடு.

லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. தொண்டியும் ஏர்வாடியும் கண்டுகொள்ளவில்லை. முதல் வரியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் தங்களுக்குத் தெரிந்த ஷெல்லில் ஓட்டிக்கொண்டன. ஆனால் பாம்பன் இயந்திரக் கிழவனுக்கு ஒரு பழைய பழக்கம். ஒரு கோப்பு ‘#’ குறியில் தொடங்கினால், அது தன் சொந்த ஷெல்லுக்கு, சி ஷெல்லுக்கு, எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்வான். அந்த ஷெல்லின் இலக்கணமே வேறு. கிறுக்கிப் பார்த்த துண்டுகளில் சுழி இல்லை, ஓடின. சுத்தமாக எழுதியதில் சுழி இருந்தது, நின்றது. இரண்டு நாளாக அவள் தன் நல்ல கையெழுத்தோடு சண்டை போட்டிருக்கிறாள்.

சோதித்துப் பார்த்தாள். ஒரு துண்டின் தலையில் மட்டும் சுழி போட்டாள், நின்றது. எடுத்தாள், ஓடியது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, பக்கத்தில் வீரபத்திரன் இருப்பதை மறந்து சிரித்தாள். பிறகு விரல் விசையின் மேல் நின்றுவிட்டது. சுழியை முதல் வரியிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் பட்டதைவிட அந்த ஒரு நிமிஷம் கஷ்டமாக இருந்தது என்றால் யாராவது நம்புவார்களா. எதிர்க்கடைக்கு ஓடினாள். ராமேஸ்வரத்தில் சங்கத்து நம்பரில் சுஐபு கிடைத்தார்.

“அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன். எங்க பிள்ளையாரும் ஒங்க எழுநூத்தி எம்பத்தாறும் முதல் ரெண்டு வரிய அடைச்சுக்கிட்டாங்க. இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியது உள்ள வர முடியாம வாசல்ல நிக்குது.”

அந்தப் பக்கம் சுஐபு வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. “கீழ எறக்கி வையி தங்கச்சி. ரெண்டாவது வரியில இருந்தா அவங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிராது. அவங்க என்ன நம்மள மாதிரியா?”

இறக்கி வைத்தாள். சாயங்காலம் நாலு பத்துக்கு ‘நிறுவு’ ஓடியது. கோப்புறைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, கோப்புகள் அதனதன் இடத்தில் போய் அமர்ந்தன, கடைசியில் எல்லாம் சரி என்று அவள் எழுதிவைத்த வரியையே இயந்திரம் அவளுக்குத் திருப்பிச் சொன்னது. நடுவில் கரண்ட்கூடப் போகவில்லை. வீரபத்திரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“அப்ப நாளைக்கு இதுலதான் பதியணுமா?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“எனக்கு எழுத்து எங்கங்க இருக்குன்னே தெரியாதே. விடிஞ்சா நூறு போட்டு வரும்.” அவர் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. “ராமேஸ்வரத்துக்குத்தான் அந்தத் தம்பி போயிட்டாரே. நாளைக்கு ஒரு நாள் நீங்க இங்கன இருந்து போட்டுக் குடுங்க தாயி. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்.”

சரி என்றாள்.

முப்பதாம் தேதி விடியும்போது கொட்டகை வாசலில் வரிசை நின்றது. கடலைவிட ஆட்கள் சத்தம் அதிகமாக இருந்தது. படகு டிரைவர் முதலில் படகு எண்ணைச் சொல்ல வேண்டும், பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் வேடிக்கை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு ஒருவன் டீக்கடைக்காரர் பெயரைச் சொன்னான், பாக்கி நிற்கிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவன் முறை முடிந்து போன பிறகு திரும்பி வந்து, பொண்டாட்டி பேரைப் போட்டுக்கங்க என்று தணிந்த குரலில் சொன்னான். அதன்பிறகு அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. கேட்டதும் ஒரு விநாடி யோசித்துவிட்டே சொன்னார்கள். அச்சு இயந்திரம் கரகரவென்று ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தது. ஐந்து மணிக்குத் தொடங்கியது, ஆறரைக்குள் நாற்பது படகு தாண்டிவிட்டது. அவளுக்குக் கை வலி தெரியவில்லை.

அடுத்து மதார் என்ற டிரைவர் வந்தார். படகு எண்ணைச் சொன்னார். “எனக்குக் கீழ அஞ்சு பேரு. வாங்கப்பா ஒவ்வொருத்தரா.” முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அடுத்து பேரு சொல்லுங்க.”

“நாகநாதன்.”

குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். அய்யா நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, கையில் மடக்கிய பிளாஸ்டிக் பை. வீட்டில் அவர் கைலி கட்டி அவள் பார்த்ததில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் மட்டும் ஒரு தரம் அவளைத் தாண்டி வீரபத்திரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மண்டபத்தில் அம்மாவைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ராமேஸ்வரத்தில் அவள் இருப்பாள்; அதற்காகவே அவர் பாம்பனுக்கு வந்திருக்கிறார். அது அவளுக்கு உடனே புரிந்தது. படகில் இந்தப் பெயர்தான் போல. போன வருஷம் முழுக்க இந்தப் பெயர்தான். அம்மா அன்றைக்கு மண்டபத்தில் படகு எண்ணைச் சரியாகச் சொல்லியிருந்தாலும், டிரைவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டிருந்தாலும், மலையாண்டி என்று ஒருவரைக் கண்டிருக்க மாட்டாள். எழுபத்து நான்கு வரியும் ஐந்து இயந்திரமும் கொண்டு அவள் கட்டிய பட்டியலில் அவள் தேடுகிற ஆள் இல்லவே இல்லை.

“நாகநாதன் அண்ணே நல்ல ஆளும்மா,” என்றார் மதார், வரிசை தாமதப்படுவதைப் பார்த்து. “மண்டபத்துல இருந்து நான்தான் கூட்டியாந்தேன். பேச்சுதான் கம்மி.”

“ஊரு?” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சரியாக வந்தது.

“மண்டபம்.”

அவள் விசைகளைப் பார்த்தாள். பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் ஏறும்; அய்யாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மதாருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அவர் வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடித்தாள். மலையாண்டி. அடுத்த கட்டத்தில் மருதனேந்தல். மூன்றாவது கட்டத்துக்கு வந்தாள். கேட்காமல், செவ்வந்தி, மருதனேந்தல் என்று அடித்து முடித்தாள். சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தாள். ஐந்தாம் ஆள் முன்னால் நகர்ந்தான்.

அய்யா நகரவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளைப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்.

“எல்லாத்துக்கிட்டயும் மூணு கேள்வி கேட்டியே தாயி,” என்றார். “எங்கிட்ட ரெண்டுதான கேட்ட.”

வெளியே யாரோ டீசல் இன்ஜினை முடுக்கினார்கள். புகை உள்ளே வந்தது.

“தெரியும்,” என்றாள் முத்தழகு. “எழுதிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினாரா, துண்டைச் சரிசெய்தாரா என்று சொல்ல முடியாது. சீட்டை நான்காக மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையைச் சுருட்டி, மடியில் செருகிக்கொண்டு போனார். அவள் ஐந்தாம் ஆளின் பெயரைக் கேட்டாள். அவன் சொன்னதைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். அவனுக்குச் சீட்டுக் கொடுத்த பிறகு ஒரு நிமிஷம் என்று வரிசையிடம் சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

மதாரின் படகு கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் மேல்தட்டில் நின்றார்கள். நான்கு பேர் சும்மா நின்றார்கள், ஒருவன் பீடி பற்றவைத்துக்கொண்டு, ஒருவன் கரையில் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டு. ஒருவர் மட்டும், கடல் இன்னும் ஆடவே தொடங்காதபோது, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.